மென்னா வர்ற இனிப்பு

மார்ச் 4

அண்ணிக்கு,

நலமான்னு கேட்டு ஆரம்பிக்கலாம். ஆனா போன வருஷம் நாம பிரிஞ்ச விதத்துக்கு அந்த வரி எழுதக் கூச்சமா இருக்கு. நேரா விஷயத்துக்கே வந்துடறேன்.

நம்ம பொண்ணு கடுகுக்கு ஆபரேஷன் முடிஞ்சிடுச்சு. உங்க தம்பி போன்ல சொல்லியிருப்பாரு. அவர் சொல்ற லட்சணம்தான் தெரியுமே, "நல்லா இருக்கா"ன்னு ரெண்டு வார்த்தை, அதோட வச்சிருப்பாரு. நான் முழுசா சொல்றேன். பிறந்ததுலேருந்து பாதி வழியில நின்னு போயிருந்த உணவுக்குழாயை வயித்தோட சேர்த்துத் தைச்சிட்டாங்க. கழுத்துல எச்சில் வழியறதுக்குன்னு வச்சிருந்த ஓட்டையும் மூடியாச்சு. இப்ப அங்க ஒரு தழும்பு, அவ்வளவுதான். படம் எடுத்துப் பார்த்துட்டு டாக்டர் சொன்னாரு, "பாதை போட்டாச்சும்மா. இனிமே அவ சாப்பிட வேண்டியதுதான்."

சாப்பிட வேண்டியதுதான்! எவ்வளவு சுலபமா சொல்லிட்டாரு.

அண்ணி, அவளுக்குச் சாப்பிடறதுன்னா என்னன்னே தெரியல. நாலு வயசு தாண்டியாச்சு. வயித்துல இருக்கிற குழாய்ல சிரிஞ்ச் வச்சு நான் பால் ஏத்துறேன், அவ பாட்டுக்குப் படம் வரைஞ்சுக்கிட்டு இருக்கா. அவளைப் பொறுத்தவரைக்கும் சாப்பாடுன்னா அதுதான். கரண்டியை வாய்கிட்ட கொண்டு போனா, நான் ஏதோ தப்பான இடத்துல சாவி போடற மாதிரி பார்க்கிறா. "அம்மா, அது பேசறதுக்கு"ங்கிறா.

விழுங்கப் பழக்கறதுக்குன்னு ஆஸ்பத்திரியில ஒரு டீச்சர் இருக்காங்க. அவங்க கேட்டாங்க, "நீங்க சாப்பிடறதை இவ பார்த்திருக்காளா?" உங்க தம்பி தரையைப் பார்த்தாரு. எங்க வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும். அவ ஏங்கிப் போயிடுவான்னு நான் அடுப்படிக் கதவைச் சாத்திக்கிட்டு நின்னுக்கிட்டே சாப்பிடுவேன். அவரு குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டுச் சாப்பிடுவாரு, மெல்லற சத்தம் வெளிய கேக்கக் கூடாதுன்னு.

நீங்க வந்தப்ப அந்தக் கதவைத் திறந்து வச்சுச் சமைச்சீங்க. அவ எதிர்லயே உக்காந்து சாப்பிட்டீங்க. நான் உங்க பையை வாசல்ல கொண்டு வச்சேன்.

இது மன்னிப்புக் கடிதம் இல்ல. அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியல. ஆனா இப்ப ஒரு கேள்வி இருக்கு, அதைக் கேக்க உங்களை விட்டா ஆள் இல்ல. சாப்பாடுன்னா என்னன்னே தெரியாத ஒருத்திக்கு அதை எங்கேருந்து ஆரம்பிச்சுச் சொல்றது? போன்ல கேட்டா அழுதுடுவேன், இல்லைன்னா சண்டை போட்டுடுவேன். அதான் எழுதறேன்.

உங்க தம்பி மனைவி


மார்ச் 13

அம்மாடி,

உன் கடிதம் வந்து ரெண்டு நாள் கேன்டீன் அடுப்படியில உப்பு டப்பா மேலயே கிடந்துச்சு. பிரிக்கல. கையெழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். என் தம்பி வீட்டு வாசல்ல, மழையில, எதிர் வீட்டுக்காரங்க பார்க்க நின்னேன். அது அவ்வளவு சீக்கிரம் காயாது.

சரி. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

பிரிச்சுப் படிச்சுட்டு அன்னைக்குப் பூரா எனக்கு வேலையே ஓடல. இந்தத் தொழிற்சாலை கேன்டீன்ல இத்தனை வருஷமா பொங்கிப் போடறேன். சாப்பிடறதுன்னா என்னன்னு என்னை யாரும் கேட்டதில்ல. "அது பேசறதுக்கு"ன்னு சொன்னாளாமே! அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். உருளைக்கிழங்கு தோல் சீவிக்கிட்டே யோசிச்சேன். வெளியில இருக்கிற ஒரு பொருளை உள்ள போட்டுக்கிறோம், அது நாமளாவே ஆயிடுது. யோசிக்க யோசிக்கத் தலை சுத்துது. இதை எப்படி நாம இவ்வளவு நாளும் சாதாரணமா செஞ்சோம்?

எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். முதல்ல கதவைத் திற. உக்காந்து சாப்பிடுங்க, ரெண்டு பேரும், அவ எதிர்ல. அவளுக்கு எதையும் நீட்டாதே, கெஞ்சாதே, "ஆ காட்டு"ன்னு சொல்லாதே. அவளுக்கு மூக்கு தெரியும், காது தெரியும். நாக்கோடதான் இன்னும் அறிமுகம் ஆகல. தெரிஞ்ச வழியாவே போவோம், காது வழியா.

கார்ன்ஃப்ளேக்ஸ் வாங்கு. சிரிக்காதே. பால்ல போட்டுச் சாப்பிடறதுக்கு இல்ல. உருளைக்கிழங்கை வேக வச்சு மசிச்சு, உப்பு மிளகு போட்டு, உள்ளங்கை அளவு தட்டிக்க. முட்டையை அடிச்சு அதுல முக்கி எடு. கார்ன்ஃப்ளேக்ஸை ஒண்ணு ரெண்டா நொறுக்கித் தட்டுல பரப்பி, அதுல புரட்டி, கொஞ்சமா எண்ணெய் விட்டு ரெண்டு பக்கமும் சிவக்க எடு. ரொட்டித் தூள்ல செஞ்சா இந்தச் சத்தம் வராது. கடிச்சா பக்கத்து அறைக்குக் கேக்கணும். இது உங்க ரெண்டு பேருக்கு, அவளுக்கு இல்ல. அவ கேக்கட்டும், அவ்வளவுதான்.

என் தம்பிகிட்ட சொல்லு, குழாயை மூடிட்டு வந்து உக்காருன்னு.

உன் நாத்தனார்


மார்ச் 26

அண்ணிக்கு,

கதவைத் திறந்தாச்சு. இனிமே சாத்தவே முடியாதபடி தாழ்ப்பாளையும் எடுத்தாச்சு, அதோட திருகாணி துரு ஏறி இறுகிப் போயிருந்துச்சு. உங்க தம்பி லிஃப்ட் வேலைக்குக் கொண்டு போற எண்ணெய் டப்பாவை வச்சுத்தான் கழட்டினாரு.

முதல் நாள் அவருக்கு மேஜையில உக்காந்து சாப்பிடவே மறந்து போச்சு. பாதியில எழுந்துட்டாரு. "எங்க போறீங்க?"ன்னேன். "தெரியல, காலு தானா போகுது"ன்னாரு. ரெண்டு பேரும் சிரிச்சிட்டோம். அந்த மேஜைகிட்ட நாங்க சிரிச்சு எவ்வளவு காலம் ஆச்சு!

கடுகு தூரத்துல நின்னு பார்த்தா. நாங்க எதுவும் சொல்லல, நீங்க சொன்ன மாதிரியே. அப்புறம் ஒரு நாள் கார்ன்ஃப்ளேக்ஸ்ல புரட்டி உருளைக்கிழங்கு சுட்டேன். நல்லா முறுகலா வந்துச்சு. அவரு கடிச்சாரு. அந்தச் சத்தத்துக்கு அவ கையில இருந்த பென்சில் நின்னு போச்சு. மெதுவா எழுந்து வந்தா. அப்பா மடியில ஏறி, அவர் கன்னத்துல காதை வச்சா.

"அப்பா, உள்ள என்ன உடையுது?"

அவரு மென்னுக்கிட்டே இருந்தாரு. அவ காதை எடுக்கல. அவர் கண்ணுலேருந்து தண்ணி வழிஞ்சு அவ தலையில விழுந்துச்சு, அவளுக்கு அதுகூடத் தெரியல. "இன்னொண்ணு உடைங்கப்பா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மனுஷன் பாவம், வயிறு வெடிக்கற அளவுக்குச் சாப்பிட்டாரு.

இதோட நிறுத்தியிருக்கலாம். அந்தச் சந்தோஷத்துல அவருக்கு அவசரம் வந்துடுச்சு. நான் மாடியில துணி எடுக்கப் போயிருந்தேன். அவரு விரலைச் சர்க்கரையில தொட்டு அவ நாக்குல வச்சிருக்காரு. குழந்தைன்னா இனிப்பு பிடிக்கும்னு நினைச்சிட்டாரு. யார்தான் அப்படி நினைக்க மாட்டாங்க? அவ போட்ட கூச்சல்ல நான் துணியை அப்படியே போட்டுட்டு ஓடி வந்தேன். நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் துடைக்கிறா. "குத்துது, குத்துது"ன்னு அலறுறா. வாந்தி வேற. நெருப்பு பட்டிருந்தாக்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டா.

அன்னையிலேருந்து வாயை இறுக்கி மூடிக்கிட்டா. எங்க கை பக்கத்துல வந்தாலே முகத்தைத் திருப்பிக்கிறா. டீச்சர் "பரவாயில்ல, பொறுங்க"ன்னு சொல்றாங்க. உங்க தம்பிகூட நான் பேசறதில்ல.

சர்க்கரை எப்படி அண்ணி குத்தும்? எனக்கு நம்பவே முடியல. ஆனா அவ முகத்தைப் பார்த்தேன். பொய் இல்ல.


ஏப்ரல் 3

அம்மாடி,

முதல்ல என் தம்பிகிட்ட பேசு. அவன் செஞ்சது தப்புதான், ஆனா ஆசையில செஞ்சான். சின்ன வயசுலேயே அவனுக்குப் பொறுமை கிடையாது. அடுப்புல பால் காயறதுக்குள்ள டம்ளரைத் தூக்கிட்டு வந்து நிப்பான்.

சர்க்கரை ஏன் குத்துதுன்னு கேட்டே. இருட்டு அறையில நாள் கணக்கா இருந்துட்டு வெளிய வந்தா வெயில் கண்ணைக் குத்துமில்ல? அவ நாக்கு அந்த மாதிரி. நமக்கு டீயில அரைக் கரண்டி குறைஞ்சா "என்ன சப்புன்னு இருக்கு"ன்னு முகம் சுளிக்கிறோம். அவளுக்கு ஒரு துளியே மலை மாதிரி வந்து விழுந்திருக்கு.

நான் இங்க ஒண்ணு செஞ்சு பார்த்தேன். யார்கிட்டேயும் சொல்லாதே, கிறுக்குன்னு சொல்லுவாங்க. ஒரு நாள் காலையிலேருந்து வாயில எதுவும் போடல, தண்ணி மட்டும்தான். மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுப் போனப்புறம், பாத்திரம் கழுவற இடத்துக்குப் பின்னாடி முக்காலி போட்டு உக்காந்தேன். சர்க்கரை சேர்க்காத கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரே ஒரு இதழ் எடுத்து வாயில போட்டேன். விழுங்காம மென்னேன். முதல்ல அட்டை மாதிரி இருந்துச்சு. அப்புறம் மாவு. விடாம மென்னேன். அப்புறம், அம்மாடி, எங்கேருந்தோ ஒரு இனிப்பு வந்துச்சு. மெல்லிசா. யாரும் போடாத இனிப்பு. சோளத்துக்குள்ள ஒளிஞ்சிருந்தது, என் எச்சில் பட்டு வெளிய வருது. எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. எத்தனை மூட்டை சர்க்கரையை இந்தக் கையால கொட்டியிருப்பேன்! இது என் வாய்க்குள்ளயே இருந்திருக்கு, நான் ஒரு நாளும் அதுக்கு நேரம் குடுத்ததில்ல. அதுக்குள்ள முழுங்கிடறேன்.

அதனால சர்க்கரை வேண்டாம். தேன் வேண்டாம். பேரீச்சம்பழத்தை ஊற வச்சு அரைச்சுப் போடலாம்னு யாராவது யோசனை சொல்லுவாங்க, அதுவும் இப்ப வேண்டாம். கடையில சர்க்கரை பூசின கார்ன்ஃப்ளேக்ஸ் இருக்கும், டப்பாவைப் பார்த்து வாங்கு, பூசாதது வேணும். அதை அவகிட்ட விளையாடக் குடு. கையால நொறுக்கட்டும், சப்பாத்திக் கட்டையால உருட்டட்டும், உங்களுக்குச் சமைக்க உதவி பண்ணட்டும். மாவாகற வரைக்கும் நொறுக்கணும், பெரிய துண்டு இருந்தா தொண்டையில ஒட்டும். டீச்சர்கிட்ட கேட்டுட்டு மட்டும் செய். அவங்க வேண்டாம்னா வேண்டாம்.

வாயில வைக்கறது அவ கையா இருக்கணும். உன் கையோ அவன் கையோ இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன். அன்னைக்கு நான் அவ எதிர்ல சாப்பிட்டது அவளை ஏங்க வைக்க இல்ல. அந்த வீட்டுல யாரும் சாப்பிடறதே இல்லைங்கிற மாதிரி ஒரு குழந்தை வளர்றதைப் பார்க்க எனக்குப் பயமா இருந்துச்சு. நீ வேற விதமா பயந்தே. ரெண்டுமே பயம்தான்.


ஏப்ரல் 22

அண்ணி,

எனக்குக் கோர்வையா எழுத வரல. நடந்ததை அப்படியே சொல்லிடறேன்.

டீச்சர் சரின்னாங்க. நிமிர்ந்து உக்கார வைக்கணும், மாவா இருக்கணும், நான் பக்கத்துலயே இருக்கணும்னு சொல்லி அனுப்பினாங்க. தினமும் காலையில அவளுக்கு ஒரு கிண்ணம் கார்ன்ஃப்ளேக்ஸ் குடுத்தேன். காதுகிட்ட வச்சு ஒவ்வொண்ணா உடைப்பா. கட்டையால உருட்டுவா. முட்டையில முக்கின கிழங்கை அவதான் தூள்ல புரட்டுவா. கை, மூக்கு, முடி எல்லாம் தூள். எங்க வீட்டு எறும்புக்கு நல்ல வாழ்வு.

போன ஞாயித்துக்கிழமை நான் அடுப்புப் பக்கம் திரும்பியிருந்தேன். பின்னாடி சத்தமே இல்ல. திரும்பிப் பார்த்தா, அவ உள்ளங்கையை நக்கிக்கிட்டு இருக்கா.

உங்க தம்பி வாசப்படியில ஒரு செருப்பு மாட்டி ஒரு செருப்பு மாட்டாம நின்னுட்டாரு. அவ எங்க ரெண்டு பேரையும் பார்க்கல. எங்கேயோ ரொம்ப தூரத்துல யாரோ கூப்பிடறதைக் கேக்கற மாதிரி முகம். வாய் கொஞ்சம் கொஞ்சமா அசையுது.

"அம்மா, இது மாறுது."

"என்ன மாறுது தங்கம்?"

"முதல்ல சும்மா இருந்துச்சு. இப்ப சும்மா இல்ல."

"குத்துதா?"

யோசிச்சா. நிஜமாவே யோசிச்சா. "குத்தல. சிரிக்குது"ன்னா.

இனிப்புங்கிற வார்த்தை அவளுக்குத் தெரியும். கதையில கேட்டிருக்கா. ஆனா அந்த வார்த்தையும் இதுவும் ஒண்ணுன்னு அவளுக்குத் தெரியல. நானும் சொல்லல. அவ கண்டுபிடிச்சதுக்கு அவளே வச்ச பேர் இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

அப்புறம் விழுங்கினா. கழுத்துத் தழும்புக்குக் கீழ ஏதோ ஒண்ணு இறங்கறதை நான் கண்ணால பார்த்தேன். புது லிஃப்ட் முதல் தடவை இறங்கறப்ப உங்க தம்பி கம்பியை எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. "போயிடுச்சு"ன்னு மெதுவா சொன்னாரு. அவ்வளவுதான், அந்த ஒத்தைச் செருப்போட தரையில உக்காந்துட்டாரு.

"எங்கம்மா போச்சு?"ன்னு அவ கேட்டா. வயித்தைத் தொட்டுக் காட்டினேன். குனிஞ்சு பார்த்தா. சட்டையைத் தூக்கிப் பார்த்தா.

அவ தூங்கினப்புறம் நானும் ஒரு இதழை வாயில போட்டு மென்னேன். நீங்க சொன்னது நிஜம் அண்ணி.


மே 1

அம்மாடி,

உன் கடிதத்தை எங்க கேன்டீன்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டினேன், கோவிச்சுக்காதே. வெங்காயம் நறுக்கற அக்கா "சிரிக்குதாமே"ன்னு சொல்லிச் சொல்லி அழுதா. அன்னைக்கு வெங்காயமே வாங்கல, அதனால சாக்கு சொல்ல முடியல.

இப்ப அவசரப்படாதே. கார்ன்ஃப்ளேக்ஸைப் பால்ல ஊற வச்சு, இதழை வடிகட்டி எடுத்துட்டு அந்தப் பாலை ஒரு வாய் குடு. அந்தச் சோள வாசனையைப் பால் கொஞ்சம் வாங்கி வச்சிருக்கும். அது பழகினா தூளை அதே பால்ல கூழா கலக்கு. அப்புறம் நல்லாக் கனிஞ்ச வாழைப்பழத்தை மசிச்சு ஒரு விரல் அளவு. ஒரு நாள் வேண்டாம்னா விட்டுடு, மறுநாள் பார்க்கலாம். இரும ஆரம்பிச்சா நிறுத்து.

வடிகட்டின இதழைத் தூக்கிப் போடாதே. முட்டையும் கொஞ்சம் மாவும் சேர்த்துத் தோசைக்கல்லுல ஊத்து. அது என் தம்பிக்கு. அவனும் கஷ்டப்பட்டிருக்கான்.


ஜூன் 10

அண்ணி,

நேத்து நடந்ததை உங்களுக்கு எழுதாம என்னால வேற வேலை பார்க்க முடியாது.

இப்ப கூழ் ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிடறா, வாழைப்பழம் பாதி. டீச்சர் சொன்னதால காலையில குழாய்ல ஏத்தற பாலை நேத்துதான் முதல் தடவையா நிறுத்தினோம். அவ விளையாடப் போயிட்டா. நான் துணி தைச்சுக்கிட்டு இருந்தேன்.

திடீர்னு "அம்மா!"ன்னு ஒரு அலறல். வயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றா. முகம் வெளுத்துப் போச்சு.

"அம்மா, உள்ள யாரோ இருக்காங்க. சுரண்டுறாங்க."

எனக்கு உயிரே போயிடுச்சு. ஆபரேஷன் தையல் விட்டுப் போச்சுன்னுதான் நினைச்சேன். மெஷின்ல துணி அப்படியே கிடக்குது, கதவு பூட்டினேனான்னு தெரியல. அவளைத் தூக்கிக்கிட்டு ஆட்டோ பிடிச்சேன். வழியில உங்க தம்பிக்குப் போன் பண்ணினேன். ஏதோ மாடிக் கட்டடத்து உச்சியிலேருந்து படியில இறங்கி ஓடி வந்திருக்காரு. லிஃப்ட் மெக்கானிக்கு லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கப் பொறுமை இல்ல.

டாக்டர் அவளைப் படுக்க வச்சு வயித்தை அமுக்கிப் பார்த்தாரு. காதுல குழலை மாட்டிக் கேட்டாரு. கேட்டுக்கிட்டே அவர் முகம் மாறிச்சு. "எப்பம்மா கடைசியா பால் குடுத்தீங்க?"ன்னு கேட்டாரு. சொன்னேன். காதுலேருந்து குழலைக் கழட்டிட்டு எங்க ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு.

"பசிம்மா. உங்க பொண்ணுக்குப் பசிக்குது."

நான் வெளிய வராந்தா பெஞ்சுல வந்து உக்காந்துட்டேன். மணி பார்த்து, அளவு பார்த்து, அவ கேக்கறதுக்கு முன்னாடியே நாங்க ஏத்திடுவோம். பசிக்க நாங்க விட்டதே இல்ல அண்ணி. பசின்னு ஒண்ணு அவளுக்குள்ள இருக்குமான்னுகூட நான் நினைச்சதில்ல.

அவ என் பக்கத்துல வந்து நின்னா.

"அம்மா, பசின்னா யாரு?"

"அது உள்ள இருக்கிற ஒருத்தர். சாப்பாடு வேணும்னு கூப்பிடுவாங்க"ன்னேன்.

"குடுத்தா போயிடுவாங்களா?"

"போயிடுவாங்க."

"திரும்ப வருவாங்களா?"

"தினமும் வருவாங்க."

வயித்து மேல கையை வச்சுக்கிட்டா. பயம் போயிருந்துச்சு. வீட்டுக்கு யாரோ புதுசா வந்த மாதிரி, மரியாதையா. "அப்ப குடுங்க"ன்னா.

உங்க தம்பி எதிர்க் கடையில வாழைப்பழம் வாங்கினாரு. அவசரத்துலயும் தூள் டப்பாவும் அவ கிண்ணமும் என் பையில இருந்துச்சு. அந்தப் பெஞ்சுலேயே மசிச்சுக் கலந்து குடுத்தேன். கிண்ணத்தை என் கையிலேருந்து பிடுங்கிக்கிட்டா அண்ணி! பிடுங்கினா! ஒரு வாய் போட்டு, நின்னு, உள்ள கவனிச்சா. இன்னொரு வாய். வழியில போறவங்க எல்லாம் எங்களைப் பார்த்துட்டுப் போனாங்க. ஒரு குழந்தை வாழைப்பழம் தின்னுது, அப்பா அம்மா ரெண்டு பேரும் அதைப் பார்த்து இப்படி அழறாங்களேன்னு நினைச்சிருப்பாங்க.

ராத்திரி கேட்டா, "அத்தைக்கும் பசி வருமா?" வரும்னேன். "அப்ப அத்தையை வரச் சொல்லுங்க, நான் குடுக்கறேன்."

அவ சொன்னதுக்காக மட்டும் எழுதல. நானும் கூப்பிடறேன். வாங்க அண்ணி.


ஜூன் 17

அம்மாடி,

சனிக்கிழமை வண்டியில வர்றேன். ஒரு வாரம் லீவு சொல்லியிருக்கேன். மேனேஜர் காரணம் கேட்டாரு, "ஒரு பொண்ணு எனக்குச் சாப்பாடு போடறேன்னு கூப்பிட்டிருக்கா"ன்னேன். அவருக்குப் புரியல. புரிய வேண்டாம்.

உன் கடிதம் மத்தியானம் வந்துச்சு, சரியா பரிமாறுற நேரத்துல. பொறுக்க முடியாம அடுப்புக்குப் பின்னாடி நின்னு படிச்சுட்டேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்து ஜன்னல்கிட்ட நின்னேன். வெளிய வழக்கம் போலக் கூட்டம். ஒருத்தன் தட்டைத் தட்டறான், ஒருத்தன் கரண்டியால ஜன்னல் கம்பியைத் தட்டறான். முதல் ஆளா வெல்டிங் பிரிவுல இருக்கிற அந்த உயரமான ஆளு, தோள் கதவை அடைக்கும், தட்டை நீட்டிக்கிட்டுக் கத்தறான், "அக்கா, பசிக்குதுக்கா!"

அம்மாடி, எனக்குக் கை ஓடல. அவனைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னாடி நிக்கிறவனைப் பார்த்தேன், அவனுக்குப் பின்னாடி வாசல் வரைக்கும். இத்தனை பேருக்குள்ளயும் ஒருத்தர் உக்காந்து கூப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. நாள் தவறாம. யாரும் சொல்லிக் குடுக்காம.

"இன்னொரு தடவை சொல்லு"ன்னேன்.

அவன் முழிச்சான். "என்னக்கா?"

"இப்ப சொன்னியே, அதைச் சொல்லு."

"பசிக்குதுக்கா"ன்னான், சின்னப் பையன் மாதிரி, மெதுவா.

பின்னாடி எல்லாரும் சிரிச்சாங்க. நான் கரண்டி நிறைய அள்ளி அவன் தட்டுல போட்டேன்.